மிளகாய் நம் வீட்டுப் பிள்ளை ஆனது, சீமைக் கருவேலம் ஏன் ஆகவில்லை?

ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது: "மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மரவள்ளி எல்லாமே வெளிநாட்டிலிருந்து வந்தவைதானே? அவற்றை யாரும் குறை சொல்வதில்லை. சீமைக் கருவேலத்தையும் உண்ணிச்செடியையும் மட்டும் ஏன் அந்நிய ஆக்கிரமிப்பு என்கிறார்கள்? இவை எப்படிப் பரவுகின்றன, இயற்கைக்கு அப்படி என்ன கெடுதல் செய்கின்றன?"

நல்ல கேள்வி. வெளியூரிலிருந்து வந்தது என்பதற்காக எந்தச் செடியையும் எதிரி ஆக்கக் கூடாது. மிளகாய் மெக்சிகோ, தென்னமெரிக்கா பக்கத்துப் பயிர். போர்த்துக்கீசியர் கொண்டுவந்து சேர்த்தது. அதற்கு முன் நம் குழம்பில் காரம் என்றால் மிளகுதான். இன்றைக்கு மிளகாய் இல்லாத அடுக்களை கிடையாது. ஆனால் ஒரு மிளகாய்த் தோட்டத்தை இரண்டு வருஷம் களையெடுக்காமல், தண்ணீர் விடாமல் அப்படியே போட்டுப் பாருங்கள். செடி காய்ந்து போயிருக்கும்; கோரையும் அருகும் அந்த இடத்தைப் பிடித்திருக்கும். தக்காளிக்கும் இதே கதிதான். மனிதன் கையை எடுத்தால் நின்றுபோகிற செடிகள் அவை. சீமைக் கருவேலமோ, நாம் கையை எடுத்த பிறகுதான் வளரவே ஆரம்பிக்கிறது. தரிசு போட்ட காட்டை மூன்று வருஷத்தில் உள்ளே நுழைய முடியாத முள்காடாக்கி விடுகிறது.

ஐ.நா. ஆதரவோடு இயங்கும் பல்லுயிர் அறிவியல் குழு 2023-ல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. மனிதரால் இடம் பெயர்ந்து புது ஊரில் வேரூன்றிய உயிரினங்கள் உலகம் முழுக்க ஏறத்தாழ 37,000. அவற்றில் கெடுதல் செய்வதாக உறுதியானவை 3,500-க்குச் சற்று மேல். அதாவது பத்தில் ஒன்றுதான். மீதி ஒன்பதும் கெடுதல் செய்வதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனால் அந்தப் பத்தில் ஒன்று செய்த வேலை சாதாரணமில்லை. உலக அளவில் அற்றுப்போனதாகப் பதிவான உயிரினங்களில் 60 சதவீதத்தின் அழிவில் இவற்றுக்குப் பங்கு உண்டு என்கிறது அதே அறிக்கை.

அந்த ஒன்று மட்டும் ஏன் தறிகெட்டுப் போகிறது? நான் பூச்சியியல் படித்தவன். என் கண்முன்னே நடந்த ஒன்றை வைத்துச் சொன்னால் விளங்கும்.

2008-ல் கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மரங்களில் ஒரு வெள்ளைப் பூச்சி தென்பட்டது. இந்தியாவில் அதற்கு முன் யாரும் அதைப் பதிவு செய்ததில்லை. பப்பாளி மாவுப்பூச்சி. சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். கொங்கு விவசாயிகள் கள்ளிப்பூச்சி என்றார்கள். அந்தப் பெயருக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன். இலையின் அடிப்பக்கம், காம்பு, காயின் இடுக்கு எல்லாம் பஞ்சை ஒட்டினாற்போல இருக்கும். விரலால் நசுக்கினால் மஞ்சளாக நீர் வரும். பெண் பூச்சி 2 மில்லிமீட்டர்தான், இறக்கை கிடையாது. ஆனால் பஞ்சுப் பொதிக்குள் நூற்றுக்கணக்கில் முட்டை இடும். பொரித்து வரும் குஞ்சு தூசி அளவு. அதைக் காற்று தூக்கிப் போகும். தோட்டத்துக்குள் நடந்தவர் வேட்டியில் ஒட்டிக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும். எறும்பு வாயில் கவ்விக்கொண்டு போய் அடுத்த செடியில் விடும். மாவுப்பூச்சி கசிய விடும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவலும் இருக்கும்.

2009-ல் ஈரோடு பக்கம் ஒரு மல்பெரித் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பட்டுப்புழு வளர்க்கிறவர். குருத்து எல்லாம் சுருண்டு கொத்துக்கொத்தாக இருந்தது. இலைமேல் கரும்பூசணம் படர்ந்து, கரி தடவியது போல் கறுத்திருந்தது. புழு வளர்ப்பு மனையில் தட்டுகள் காலியாக அடுக்கிக் கிடந்தன. "ஏனுங்க, மருந்து அடிச்சா அந்தத் தழையத் தின்னு புழு செத்துரும். அடிக்காட்டித் தழையே செத்துருது. நான் என்னதானுங்க பண்றது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. மருந்து அடித்தவர்களுக்கும் பலனில்லை. பூச்சியின் மேல் மெழுகுப் போர்வை இருப்பதால் மருந்து உள்ளே இறங்குவதில்லை. செத்ததெல்லாம் அதைத் தின்ன வந்த பொறிவண்டுகள்தான். அடுத்த முறை நான் போனபோது அவர் மல்பெரியைப் பிடுங்கிவிட்டிருந்தார். அவரைப் போல நிறையப் பேர் பிடுங்கினார்கள். மரவள்ளி, பப்பாளி, பருத்தி, செம்பருத்தி, பார்த்தீனியம் என்று பூச்சி எதையும் விட்டுவைக்கவில்லை. இதில் பார்த்தீனியமும் அமெரிக்காவிலிருந்து வந்த களை. பழைய ஊர்க்காரர்கள் இங்கே சந்தித்துக்கொண்டார்கள். வயலில் மருந்து அடித்தாலும் சாலையோரப் பார்த்தீனியத்தில் பூச்சி பத்திரமாக இருந்தது.

இதே பூச்சி மெக்சிகோவில் பெரிய தொந்தரவே இல்லை. பல காலமாக அங்கேதான் இருந்திருக்கிறது, ஆனால் 1992-ல்தான் அறிவியலில் அதற்குப் பெயரே வைத்தார்கள். அத்தனை அடக்கமாக இருந்த பூச்சி. காரணம், அங்கே அதன் உடம்புக்குள்ளேயே முட்டையிட்டு வளரும் குளவிகள் இருக்கின்றன. குளவி என்றால் நாம் பார்க்கும் செங்குளவி இல்லை. ஊசிமுனை அளவுப் பூச்சிகள், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். மாவுப்பூச்சி கப்பலிலோ விமானத்திலோ செடியோடு செடியாக வந்தபோது அந்தக் குளவிகள் வரவில்லை. நம் ஊர்ப் பொறிவண்டும், மாவுப்பூச்சி தின்னும் ஒரு சின்னப் பட்டாம்பூச்சியின் புழுவும் முயன்றன. அந்தப் பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழு குரங்கு முகம் போலவே இருக்கும், பார்த்தால் மறக்க மாட்டீர்கள். ஆனால் பூச்சி பெருகின வேகத்துக்கு இவை ஈடுகொடுக்க முடியவில்லை.

எதிரியை ஊரிலேயே விட்டுவிட்டு வருவது. ஆக்கிரமிப்பு உயிரினம் என்ற விஷயத்தின் பாதி இதற்குள் அடங்கிவிடும்.

2010-ல் பெங்களூரில் இருந்த தேசிய வேளாண் பூச்சிகள் பணியகம், போர்ட்டோ ரிக்கோவில் உள்ள அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்திலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தது. தனிமைக் கூடத்தில் வைத்து, வேறு பூச்சிகளைத் தொடுகிறதா என்று சோதித்த பிறகு, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் துணையோடு வயலில் விட்டார்கள். அதில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற வகை அருமையாகப் பிடித்துக்கொண்டது. நான் ஒரு பப்பாளி இலையைப் பறித்து லென்சில் பார்த்தேன். வெள்ளையாக இருந்த பூச்சிகள் பழுப்பு நிறத்தில், சின்னப் பீப்பாய் போல உப்பி, அசையாமல் இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் குண்டூசியால் குத்தினாற்போல ஓர் ஓட்டை. உள்ளே வளர்ந்த குளவி வெளியே போன வழி அது. சில மாதங்களில் பப்பாளி மறுபடி தளிர்த்தது. இலங்கையிலும் இதே பூச்சி 2008-ல் வந்தது, இதே குளவிகளைக் கொண்டுதான் அடக்கினார்கள். இப்போதும் மாவுப்பூச்சி இங்கே இருக்கிறது, குளவியும் இருக்கிறது. ஆனால் மல்பெரியைப் பிடுங்க வேண்டிய நிலை இல்லை.

சரி, கள்ளிப்பூச்சி என்ற பெயர். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சப்பாத்திக் கள்ளி ஊர் முழுக்க நிறைந்து கிடந்ததாக அவர்களுடைய தாத்தா பாட்டி சொன்னதைச் சொல்வார்கள். அதுவும் அமெரிக்கச் செடிதான். 1795-ல் சிவப்புச் சாயம் எடுக்கும் பூச்சி என்று நம்பி பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு வெள்ளைப் பூச்சியைக் கொண்டுவந்தார்கள். வந்தது வேறு இனம், சாயத்துக்கு உதவவில்லை. ஆனால் ஒரு வகைக் கள்ளியை அப்படியே தின்று தீர்த்தது. அதைக் கவனித்து 1830களில் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து கள்ளிமேல் விட்டார்கள். ஒரு களையை ஒழிக்கப் பூச்சியை வேண்டுமென்றே கொண்டுபோய் விட்டதில் உலகத்திலேயே முதல் முயற்சியாக இதைச் சொல்வார்கள். இன்னொரு வகைக் கள்ளி மட்டும் அசையவில்லை. அதற்கென்று வேறொரு பூச்சி 1926-ல் இலங்கையிலிருந்து வந்தது. ஐந்தாறு வருஷத்தில் 40,000 ஹெக்டேருக்கு மேல் கள்ளிக்காடு சரிந்தது. கள்ளியில் பஞ்சு ஒட்டினாற்போல இருந்த அந்தப் பூச்சியின் பெயரைத்தான் எண்பது வருஷம் கழித்து வந்த மாவுப்பூச்சிக்கு நம் ஆட்கள் வைத்தார்கள் என்பது என் ஊகம்.

இதைக் கேட்டவுடன் எல்லாவற்றுக்கும் வெளியிலிருந்து ஓர் எதிரியைக் கொண்டுவரலாமே என்று தோன்றும். வேண்டாம். ஆஸ்திரேலியாவில் கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று 1935-ல் ஒரு தேரையைக் கொண்டுவந்தார்கள். அது வண்டை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தின்றது. அதைத் தின்ற உடும்பும் பாம்பும் விஷத்தில் செத்தன. ஒரே ஒரு பூச்சியைத் தவிர வேறெதையும் தொடாத குளவிக்கும், கண்டதையும் விழுங்கும் தேரைக்கும் உள்ள வித்தியாசம் இது.

எதிரியை ஊரில் விட்டுவிட்டு வருவது பாதி என்றால், மறுபாதி நாம் அதற்கு இடம் தயார் செய்து கொடுப்பது. இதற்குச் சீமைக் கருவேலத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது.

காமராசர் காலத்தில் ஹெலிகாப்டரில் தூவினார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அதற்கு மிக முன்பே, 1870களில், சென்னை மாகாண வனத்துறையின் பெட்டோம் என்ற அதிகாரியின் முயற்சியில் கடப்பா பக்கம் நட்டுவிட்டார்கள். விறகுக்கு, வறண்ட நிலத்தைப் பசுமையாக்க. எண்ணம் நல்லதுதான். குஜராத்தின் கட்ச் பகுதியில் பன்னிப் புல்வெளி இருக்கிறது. உப்புப் பாலை பரவாமல் தடுக்க 1961-ல் அங்கே வனத்துறையே நட்டது. இன்றைக்கு அங்கே எருமை மேய்க்கும் மால்தாரிகள் அதைக் காண்டோ பாவல், அதாவது பைத்தியக்காரக் கருவேலம் என்கிறார்கள். ஆசியாவின் மிகப் பெரிய புல்வெளிகளில் ஒன்று முள்காடாகிப் போனது.

பரவும் விதத்தைப் பாருங்கள். காய் இனிக்கும். கோடையில் வேறு பச்சை எதுவும் இல்லாத நேரத்தில் ஆடு மாடு அதைத் தேடித் தின்னும். விதைக்கு மேல் கெட்டியான ஓடு, அதனால் வயிற்றில் செரிப்பதில்லை. ஆடு ராத்திரி கிடை போடுகிற இடத்தில் புழுக்கையோடு விதையும் விழுகிறது, உரம் சேர்த்து விதைத்தது போல. முதல் மழையில் முளைத்துவிடும். கண்மாய்க் கரையில் கிடை மறித்த இடத்தில் மழை பெய்து பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் விரல் நீளத்துக்குக் கன்று கன்றாக நிற்கும். இதன் இலையை ஆடு அவ்வளவாகத் தொடாது. காயைத் தின்று பரப்பிவிட்டு, இலையை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் நாட்டுச் செடியைக் கடித்துவிடும். இதைவிட ஒரு செடிக்கு வேறென்ன வேண்டும்? குஜராத்தின் வேலாவதார் பூங்காவில் வெளிமான்களே இந்தக் காயைத் தின்று பரப்புகின்றன. மான் ஓடத் திறந்த புல்வெளி வேண்டும். அந்தப் புல்வெளியை மூடும் மரத்தை மானே விதைக்கிறது. நம் கோடியக்கரையிலும் வெளிமான் மேயும் வெளிகளில் இந்த மரம் ஏறியிருக்கிறது.

கென்யாவில் 1980களில் இதை நட்டார்கள். பாரிங்கோ ஏரிப் பக்கத்து இல்சாமுஸ் மக்கள் 2006-ல் அரசின்மேல் வழக்குப் போட்டார்கள். இனிப்புக் காயைத் தின்று தின்று பல்லெல்லாம் கொட்டிப்போன ஓர் ஆட்டை நைரோபி நீதிமன்றத்துக்கே ஓட்டிக்கொண்டு போனார்கள். மேய்ச்சல்தான் பிழைப்பு என்றிருக்கிற ஒரு சமூகம், தன் கஷ்டத்தைச் சொல்ல வேறு எந்தச் சாட்சியைக் கூட்டிக்கொண்டு போகும்?

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சீமைக் கருவேலம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையை விரட்டுகிறது, ஆக்சிஜனே விடுவதில்லை, நிழலில் கட்டிய மாடு மலடாகிவிடும் என்றெல்லாம் செல்போனில் செய்தி சுற்றுகிறது. இதில் எதற்கும் ஆதாரம் கிடையாது. அது ஒரு மரம், எல்லா மரத்தையும் போல ஒளிச்சேர்க்கை செய்கிறது. பொய்யைச் சொல்லி ஒரு மரத்தை எதிர்த்தால், பொய் அம்பலமாகும்போது உண்மைக் கெடுதலையும் யாரும் நம்ப மாட்டார்கள். உண்மைக் கெடுதலே போதுமானது. கண்மாய்க்குள் நின்று வண்டலைத் தேக்கி நீர் கொள்ளளவைக் குறைக்கிறது. வரத்துக் கால்வாயை அடைத்துத் தண்ணீர் வரும் வழியையே மறிக்கிறது. ஆழத்துக்கு வேர் விட்டு நிலத்தடி நீரை எடுக்கிறது. அதன் அடியில் மற்ற விதைகள் சரியாக முளைப்பதில்லை, மேய்ச்சல் புல் போய்விடுகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் மழை பொய்த்த வருஷங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு அடுப்பு எரிந்தது இந்த மரத்தால். விறகை அடுக்கி, வைக்கோல் போட்டு, மண் பூசி, உள்ளே நெருப்பு வைத்து நாள்கணக்கில் காவல் இருந்து கரிமூட்டம் போடுவார்கள். புகை வெள்ளையாக வருகிறதா நீலமாக வருகிறதா என்று பார்த்தே உள்ளே கரி வெந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார்கள். ஒரே நாளில் அத்தனையையும் வெட்டு என்று உத்தரவு போடும்போது இவர்களைக் கேட்காமல் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வெட்டுவதும் சும்மா வெட்டினால் ஆகாது. 2017-ல் நீதிமன்ற உத்தரவை ஒட்டிப் பல மாவட்டங்களில் ஜேசிபியை இறக்கினார்கள். வேரோடு எடுத்த இடம் தப்பியது. தரை மட்டத்தில் அறுத்துவிட்டுப் போன இடத்தில் அடுத்த மழைக்கு ஒரு தண்டு இருந்த அடிக்கட்டையில் ஏழெட்டுத் தண்டு வெடித்துக் கிளம்பின. எடுத்த இடத்தில் வேறு எதையும் நடாமல் விட்டாலும் மண்ணில் கிடக்கும் விதை முளைத்து வந்துவிடும். 2022-ல் தமிழக அரசு அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. அதில் அகற்றுவதோடு நிற்காமல் நிலத்தை மீட்டெடுப்பதையும் சேர்த்துச் சொன்னது சரியான அணுகுமுறை.

உண்ணிச்செடி காட்டுக்குள் நடந்த கதை. அழகான பூ என்று 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது. ஒரே கொத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் ரோஜா நிறமும் இருக்கும், நம் எல்லாருக்கும் தெரியும். கறுப்புப் பழத்தைச் சின்ன வயதில் தின்றிருப்போம். அதே பழத்தைக் கொண்டைக்குருவி தின்று காடெங்கும் பரப்புகிறது. 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் புலிகள் வாழும் காடுகளில் ஏறத்தாழ 1,54,000 சதுர கிலோமீட்டரில் இது படர்ந்திருப்பதாகக் கணக்கிட்டது. அந்தக் காட்டுப் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல். முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் போனால் ஆள் உயரப் புதராக நிற்கும். அதன் அடியில் புல் கிடையாது. புல் இல்லாவிட்டால் மான், காட்டெருது, யானை எதைத் தின்னும்? பசித்த யானை காட்டோரத்து வாழைத் தோப்புக்கும் கரும்புக்கும் வருவதற்குப் பல காரணம் இருக்கிறது, இதுவும் அதில் ஒன்று.

இதற்கும் ஒரு பூச்சியைக் கொண்டுவந்து பார்த்தார்கள். 1941-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு வகை இலைப்பூச்சி. அது தேக்குப் பூவையும் தின்கிறது என்று தெரிந்ததும் ஆய்வகத்திலேயே அழிக்க முடிவு செய்தார்கள். அதற்குள் சில வெளியேறிவிட்டன. இன்று உண்ணிச்செடி இருக்கும் இடங்களில் அந்தப் பூச்சியும் இருக்கிறது. செடி கொஞ்சம் வாடுகிறது, சாகவில்லை. காரணம், உண்ணிச்செடி தோட்டக்காரர்கள் பல இனங்களைக் கலந்து கலந்து உருவாக்கிய கலப்பு. ஒரே பூச்சிக்கு எல்லா வகையும் பிடிப்பதில்லை. கள்ளியில் கிடைத்த வெற்றி இங்கே கிடைக்கவில்லை.

கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர் பழங்குடிகள் இன்னொன்று சொல்கிறார்கள். முன்பெல்லாம் கோடை தொடங்கும்போதே சருகுக்குச் சின்னதாகத் தீ வைப்போம், அது தரையோடு ஓடி அணைந்துவிடும், உண்ணி கன்றிலேயே கருகும். அந்த வழக்கத்தைத் தடை செய்த பிறகுதான் உண்ணி காட்டைப் பிடித்தது என்கிறார்கள். காட்டில் தலைமுறையாக வாழ்ந்தவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இப்போது உண்ணி அடர்ந்த இடத்தில் தீ வைத்தால் அது மரத்தின் உச்சி வரை ஏறும். அதனால் பழைய வழக்கத்தை அப்படியே திருப்பிவிடவும் முடியாது. மாதேசுவரன் மலைப் பக்கம் உண்ணித் தண்டை வேகவைத்துத் தோலை உரித்து, பிரம்பு போல வளைத்து நாற்காலியும் கூடையும் செய்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், பூச்சியும் அரிக்காது. ஆனால் அதைக் கொண்டு காட்டைச் சுத்தம் செய்துவிடலாம் என்று நினைப்பது அதிகம்.

ஓர் உயிர் நுழைந்தால் சுற்றியிருக்கிற வலை எப்படிக் கலைகிறது என்பதற்கு இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவு நல்ல சாட்சி. அங்கே செந்நண்டுகள் கோடிக்கணக்கில். காட்டின் தரையைக் கூட்டிப் பெருக்குவது அவைதான்; சருகையும் நாற்றையும் தின்றுவிடும். மஞ்சள் பித்தன் எறும்பு அங்கே போய்ச் சேர்ந்தது. மரத்தில் ஒட்டியிருக்கும் செதிள் பூச்சி கசிய விடும் இனிப்பைக் குடித்து எறும்பு பெருகியது. ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சி ஒரு கோடிக்கும் மேற்பட்ட நண்டுகளைக் கொன்றது. நண்டு போன இடத்தில் நாற்றுகள் அடர்ந்து முளைத்தன, தரையில் சருகு குவிந்தது. ஒரு காடு இன்னொரு காடாக மாறியது. எறும்பை நேரடியாக அடிப்பதற்குப் பதில் 2016-ல் அந்தச் செதிள் பூச்சியைத் தாக்கும் சின்னக் குளவியை மலேசியாவிலிருந்து கொண்டுபோய் விட்டார்கள். எறும்பின் சோற்றுப் பானையில் கை வைத்தார்கள். 2022-ல் நத்தம் பக்கம் கரந்தமலை அடிவாரத்து ஊர்களில் ஆட்டுக் கண்ணையும் மாட்டுக் கண்ணையும் கெடுத்தது என்று செய்தியானதும் இதே எறும்புதான்.

தண்ணீருக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை, அதனால் பேச்சும் குறைவு. எண்ணூர், பழவேற்காடு கழிமுகத்தில் மீனவர்கள் காக்கா ஆழி என்று சொல்கிற மட்டி வந்து சில வருஷம் ஆகிறது. தென்னமெரிக்கக் கடற்கரையைச் சேர்ந்தது. இந்த வகை மட்டிகள் ஊர்விட்டு ஊர் போவது கப்பலின் அடியில் ஒட்டியும், கப்பல் நிலை தடுமாறாமல் இருக்க ஒரு துறைமுகத்தில் நிரப்பி மறு துறைமுகத்தில் கொட்டும் தண்ணீரிலும்தான். கறுப்பாக, விரல் நுனி அளவில் இருக்கும். ஒன்றோடொன்று நூலால் பின்னிக்கொண்டு ஆற்றின் சேற்றுத் தரையைப் பாய் விரித்தது போல மூடிவிடும். இறால் புதையச் சேறு வேண்டும். அங்கே இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். வலையும் படகும் வேண்டாத தொழில். இப்போது துழாவுகிற கையில் ஓடு கிழிக்கிறது, இறாலும் இல்லை. கப்பல் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் கொட்ட வேண்டும் என்ற சர்வதேச ஒப்பந்தம் 2017-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வந்து இறங்கியவை இறங்கியவைதான்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை அரசு தடை செய்திருக்கிறது. ஆனாலும் ரகசியமாக வளர்க்கிறார்கள். மழை வெள்ளத்தில் குட்டை உடைந்தால் அது ஏரிக்குப் போய் மற்ற மீன்களை விழுங்கும். வீட்டுத் தொட்டியில் கண்ணாடியை நக்கிச் சுத்தம் செய்கிற டேங்க் கிளீனர் மீன் பெரிதானதும் பாவம் என்று பக்கத்து ஏரியில் விடுகிறவர்களும் உண்டு. இரக்கத்தில்தான் செய்கிறார்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மீனின் முள்செதில் வலையைக் கிழிப்பதும், நாட்டு மீனின் முட்டையை அது தின்பதும் மீனவருக்குத்தான் தெரியும். வளர்க்க முடியவில்லை என்றால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

உங்கள் கேள்வியில் இன்னும் ஒன்று பாக்கி: வந்த எல்லாவற்றையும் ஒழிக்க முடியுமா? முடியாது. சீமைக் கருவேலத்தைத் தமிழ்நாட்டிலிருந்து முழுக்க எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எதை, எங்கே, எந்த வரிசையில் என்றுதான் யோசிக்க வேண்டும். என்னைக் கேட்டால் முதலில் வரத்துக் கால்வாய், பிறகு கண்மாயின் உள்வாய், பிறகு கோடியக்கரை போன்ற புல்வெளிகள். தரிசில் நிற்பதைக் கரிக்காரர்களுக்கு விட்டுவைக்கலாம். காட்டில் உண்ணி முற்றின இடத்தோடு மல்லுக்கட்டுவதைவிட, இன்னும் நுழையாத இடத்தின் ஓரத்தைக் காப்பது லாபம். புதிதாக ஒன்று வந்து சேர்ந்தால் முதல் சில வருஷம் ஆள் கண்ணில் படாமல் மெதுவாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் பத்து ஆள் ஒரு வாரம் வேலை செய்தால் முடிகிற காரியம், இருபது வருஷம் கழித்துப் பத்துக் கோடி கொட்டினாலும் முடியாது. முதுமலையில் மஞ்சள் கொன்றை என்று அழகுக்கு வைத்த அமெரிக்க மரம் இப்படித்தான் மெதுவாக இருந்துவிட்டுத் திடீரென்று பரவியது. இப்போது அதை வெட்டிக் காகிதக் கூழுக்கு அனுப்புகிறார்கள்.

உங்கள் ஊர்க் கண்மாயில் வேலை நடந்தால், அடுத்த மழை முடிந்து இரண்டாவது வாரம் நாலு பேராகப் போங்கள். மண் ஈரமாக இருக்கும்போது கன்று விரலில் இழுத்தால் வேரோடு வந்துவிடும், முள்ளும் இன்னும் கெட்டியாகியிருக்காது. ஒரு மாதம் விட்டால் மண்வெட்டி வேண்டும், இரண்டு வருஷம் விட்டால் ஜேசிபி வேண்டும். பிடுங்கின இடத்தில், கரையின் வெளிச்சரிவில் பனைவிதை போடுங்கள். உள்வாயில் நாட்டுக் கருவேலமும் மருதமும் வையுங்கள், அவை தண்ணீரில் நிற்கும். குறைந்தது ஐந்து மழைக்காவது திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும், மண்ணுக்குள் விதை அத்தனை கிடக்கிறது. அந்த வருஷங்களில் ஆட்டுக் கிடையைக் கண்மாய்க்குள் மறிக்காமல் வேறிடத்தில் போடச் சொல்லி ஊரில் பேசிவிடுங்கள்.